கிடைக்குப் பில் கிடையாது

மானியம் வேண்டும் என்று வந்து உட்காருகிறவரிடம் நான் மண்ணைப் பற்றியும் கேட்பதில்லை, பயிரைப் பற்றியும் கேட்பதில்லை. பட்டா யார் பேரில் இருக்கிறது, செலவுக்குப் பில் இருக்கிறதா, இந்த இரண்டைத்தான் முதலில் கேட்பேன். இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அப்படி முடிவது அபூர்வம்.

செட்டிநாட்டு நெற்குப்பையில் கணக்கு எழுதுவது எங்கள் வீட்டுத் தொழில். அப்பா ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த வீடுகளின் பேரேடுகளைத் தூசி தட்டிப் படித்து வளர்ந்தவர். எனக்குத் தொழில் பழக்கும்போது அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: வர வேண்டிய பணம் வேறு, வந்த பணம் வேறு, இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுகிறவன் ஐந்தொகை போடத் தெரியாதவன். இப்போது அந்த வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. கணக்கு கேட்க ஆளில்லை. எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர் என்பதால் எழுத்து வேலைக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு, அவ்வளவுதான். நான் எழுதுவது திட்ட அறிக்கையும் மானிய விண்ணப்பமும். இயற்கை விவசாயம் செய்கிறவர்களும் பலகாரம் போட்டு விற்கும் பெண்களும்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

இயற்கை விவசாயத்துக்கென்று மத்திய அரசு நடத்தும் பெரிய திட்டம் ‘பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா’. தமிழில் பாரம்பரிய வேளாண்மை வளர்ச்சித் திட்டம் என்று போர்டில் எழுதுவார்கள். 2015-16ல் தொடங்கிய திட்டம். முன்பு ஒரு ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 50,000 ரூபாய், அதில் இடுபொருளுக்காக உழவர் கணக்கில் நேரே விழுவது 31,000. பிறகு திட்டத்தை மாற்றி அமைத்தபோது மொத்தமே 31,500 ஆனது, உழவர் கைக்கு வருவது 15,000 ஆனது. மீதி பயிற்சிக்கும் சான்றுக்கும் சந்தைப்படுத்தலுக்கும் போய்விடும். அந்த 15,000ஐ மூன்று ஆண்டுக்கும் இரண்டரை ஏக்கருக்கும் பிரித்துப் பாருங்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். எங்கள் பக்கம் ஒரு ஏக்கர் களை எடுக்கவே அது காணாது.

தொகை சின்னது என்பதைக்கூட விட்டுவிடலாம். எதற்குத் தருகிறார்கள் என்பதில்தான் சிக்கல். பஞ்சகவ்யம் தயாரிக்க டிரம், மண்புழு உரத்துக்கு சில்பாலின் படுக்கை, உயிர் உரம், வேப்பம் புண்ணாக்கு. எல்லாம் கடையில் வாங்கக்கூடியவை, பில் போடக்கூடியவை, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கக்கூடியவை. போட்டோவில் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிவாக வேண்டும். நான் பார்த்த படுக்கைகளில் பல, போட்டோ எடுத்த கோடையோடு சரி. மண்புழுவுக்கு அன்றாடம் ஈரம் வேண்டும். சித்திரையில் கிணறே வற்றிக் கிடக்கும் ஊரில் புழுவுக்கு யார் தண்ணீர் தெளிப்பது?

சிவகங்கைச் சீமையில் மண்ணுக்கு உரம் என்றால் ஆட்டுக்கிடைதான். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் கீதாரிகள் மந்தையோடு வருவார்கள். இரவு பட்டியடைத்து ஆடுகளை வயலில் அமர்த்துவார்கள். மறுநாள் இரவு பட்டி பக்கத்து வயலுக்கு நகரும். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் விழும். அள்ளும் கூலி இல்லை, வண்டி வாடகை இல்லை. உழுது புரட்டிவிட்டால் அடுத்த வெள்ளாமையிலும் அதற்கடுத்ததிலும் கிடை போட்ட வயலைத் தூரத்தில் நின்றே அடையாளம் காட்டலாம். பயிர் கறுத்து நிற்கும். யூரியாவை விட்டுவிட்டு வருகிற விவசாயிக்கு முதல் இரண்டு வருடத்தைத் தாண்ட உதவுவது இதுதான். டிரம்மில் ஊறும் எதையும் நான் இதற்குச் சமமாகச் சொல்லமாட்டேன்.

கீதாரிக்குக் கூலி ரொக்கமாகப் போகும். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, அதோடு அரிசி, டீச்செலவு. கீதாரியிடம் ஜிஎஸ்டி எண் கிடையாது. வவுச்சரில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். “பில் கொண்டாங்க” என்றார்கள் ஓர் அலுவலகத்தில். நான் நிரப்பிய படிவம் எதிலும் கிடைக்கென்று ஒரு வரி இருந்ததில்லை. இதர இடுபொருள் என்ற வரியில் எழுதிப் பார்த்தாலும் பில் எண் கேட்கும் கட்டம் காலியாக நின்றுவிடும்.

யூரியா போடுகிறவருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. 45 கிலோ மூட்டை 242 ரூபாய், அதன்மேல் வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கும் வரிக்கும் சொற்பம் சேரும். கடையில் ஆதாரைக் காட்டி விரலை வைத்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதன் உண்மை விலைக்கும் இந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு உர நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது. 2022-23ல் நாடு முழுவதற்கும் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒதுக்கியது 2,481 கோடி. முதல் மானியத்தை வாங்குகிறவருக்குத் தான் மானியம் வாங்குவதே தெரியாது. இரண்டாவதை வாங்குகிறவர் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாவற்றோடும் வரிசையில் நிற்கிறார். ஊரில் அவருக்குத்தான் ‘மானியம் திங்கிறவன்’ என்று பெயர். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அதற்காக உர மானியத்தை ஒரே நாளில் நிறுத்து என்று சொல்பவனும் அல்ல நான். 2021ல் இலங்கையில் அதைச் செய்து பார்த்தார்கள். மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, நவம்பருக்குள் தடையைத் திரும்பப் பெற்றார்கள். சிக்கிம் 2003ல் முடிவெடுத்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016ல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்துக்கொண்டது. அதுவும் மலைநாடு, முன்பே உரம் குறைவாகப் போட்ட பூமி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இயற்கை முறைக்கு மாறும் நிலத்துக்கும், மாறியபின் தொடரும் நிலத்துக்கும் ஹெக்டேர் கணக்கில் வருடா வருடம் தொகை உண்டு. டிரம் வாங்கினாயா என்று கேட்பதில்லை, நிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. மாறும் காலத்தில் விளைச்சல் குறையும், சான்று கைக்கு வராததால் விலையும் கூடாது. நட்டம் விழும் இடம் அது. பணம் அங்கேதான் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளியானது. 2024-25ல் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று 206 கோடியில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதில் பசுந்தாள் உர விதைக்கு இரண்டு லட்சம் ஏக்கருக்கு 20 கோடி. இதை நான் மனதாரப் பாராட்டுவேன். தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்துப் பூவெடுக்கும் நேரத்தில் மடக்கி உழுவது வேலை செய்கிற உத்தி. ஆனால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான், கோடை மழை. இரண்டு உழவு மழை விழுந்த அந்த வாரத்தில் விதை கையில் இருக்க வேண்டும். ஈரம் காய்ந்தபின் வரும் விதைப்பையை வீட்டுப் பரணில்தான் போட முடியும். கண்மாய் நிறைந்தபின் விதைக்கலாமே என்றால் அப்போது வயலில் நெல் நிற்கிறது. இங்கே ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். காவிரிப் பாசனக்காரர்களுக்குத் தோதான நாட்காட்டி எங்களுக்கு எப்போதும் ஒரு மழை பிந்தியே வருகிறது.

சான்று என்பது இன்னொரு கதை. இரண்டு வழி இருக்கிறது. ஏற்றுமதிக்கும் பெரிய கடைகளுக்கும் என்றால் தேசியத் திட்டத்தின்கீழ் வரும் சான்று. தமிழ்நாட்டில் அதற்குக் கோவையில் தலைமையிடம் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையையே நாடலாம். இன்னொன்று பங்கேற்பு உத்தரவாத முறை, பிஜிஎஸ். ஐந்து விவசாயிகளாவது ஒரு குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எழுதி, ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்துச் சான்று சொல்ல வேண்டும். மாறும் காலத்தில் ‘கிரீன்’, அதன்பின் ‘ஆர்கானிக்’. செலவு அநேகமாக இல்லை. சின்ன விவசாயிகளுக்கு நான் சொல்வது இரண்டாவது வழியைத்தான்.

இரண்டிலும் ஒரு கேள்வி வரும்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிணறு என்றால் தப்பித்தோம். கண்மாய் என்றால், மடையிலிருந்து இறங்கும் தண்ணீர் வயலுக்கு வயல் வடிந்துதான் கடைசிக்காரரை எட்டும். மேல்வயல்காரர் காலையில் யூரியா வீசினால் மாலைக்குள் அது இவர் வரப்பைத் தாண்டும். ஆகவே நான் வயலைத் தனித்தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு மடைக்குக் கீழே இருக்கிற எல்லோரும் சேர்ந்து வந்தால்தான் குழு எழுதுவேன். சாதி, பங்காளிச் சண்டை, போன தேர்தல் எல்லாம் அதற்குள் வரும். ஒரு மடைக்காரர்கள் குழுவில் இருவர் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் வயலை மற்றவர் பரிசோதித்து எழுத வேண்டும். “அவன் வயல்ல குத்தமில்லண்ணே. ஆளத்தான் புடிக்காது, வயலு நல்ல வயலு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அத்தாட்சி என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

பட்டா விஷயத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டில் இதுதான் அடிமடியில் இருக்கும் சிக்கல். நிலம் ஒருவர் பேரில் இருக்கும். அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அல்லது காலமாகி, பிள்ளைகள் ஏழு பேர் ஏழு ஊரில் இருப்பார்கள், பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கும். உழுகிறவர் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுகிறார், எல்லாம் வாய்ப்பேச்சு. அவர் வயலில் பத்து வருடமாக ரசாயனம் படாமல் இருக்கலாம். குழியடிச்சான், நொறுங்கன் போன்ற பாரம்பரிய நெல் ரகங்களை விதை மாறாமல் காப்பாற்றி வைத்திருக்கலாம். அரசின் உழவன் செயலியில் அவர் பெயர் நிலத்தோடு பொருந்தாது. நிலம் இல்லாதவர் என்றுதான் கணினி சொல்லும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கும் முன்னால், 1955ல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்துவிட்டது. அந்தக் காலத்துக்கு நியாயமான சட்டம். அந்தப் பயத்தில் நிலக்காரர் காகிதத்தில் எதையும் எழுதமாட்டார் என்பது அதன் மறுபக்கம். நான் ஒரு நடுவழி பார்த்தேன். நிலத்தின் மேல் உரிமை எதுவும் கோராமல், இத்தனை ஆண்டுக்குச் சாகுபடி செய்யவும் சான்று பெறவும் சம்மதம் என்று முத்திரைத்தாளில் ஓர் ஒப்புதல் கடிதம். பிஜிஎஸ் குழுவில் சேர்க்க அது உதவியிருக்கிறது. மானியத்துக்கு என்று போனால், ஒரு மேசையில் ஏற்றுக்கொள்வார்கள், அடுத்த மேசையில் திருப்பி அனுப்புவார்கள்.

உணவுத் தொழில் பக்கம் கதை வேறு. அங்கே மானியம் பெரியது, ஆபத்தும் பெரியது. 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். சொந்தப் பணம் 10 சதவீதமாவது போட வேண்டும், மீதி வங்கிக் கடன். மானியம் கைக்கு வராது. வங்கியில் தனியாகக் கிடக்கும். கடைசித் தவணைக் கடன் வாங்கி மூன்று ஆண்டு ஆனபின், கடன் தவறாமல் கட்டப்பட்டு, தொழிலும் நடந்துகொண்டிருந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். நடுவில் கடன் வாராக்கடன் ஆனால் மானியமும் அந்தக் கடனுக்கே போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை இல்லை. முன்பெல்லாம் மானியத்தை வாங்கிக்கொண்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்தவன் நான். குறை ‘35 சதவீதம்’ என்ற சொல் மனிதனுக்குள் செய்கிற வேலையில் இருக்கிறது. அதைக் கேட்டதுமே தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் தேடுகிறார்கள். இயந்திரம் விற்கிறவர்களில் சிலர் மானியத்துக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொட்டேஷனில் ஏற்றிய விலையில் மானியத்தின் பெரும்பங்கு கரைந்துவிடும். ஒருவர் நாளைக்கு ஒரு டன் அரைக்கும் இயந்திரம் வாங்கினார். அவருக்கு வந்த ஆர்டர் வாரத்துக்கு ஐம்பது கிலோ.

அதனால் திட்ட அறிக்கையை இரண்டு தரம் எழுதுவேன். முதல் தரம் மானியம் என்ற வரியே இல்லாமல். அது நின்றால்தான் இரண்டாவது. அப்பா சொன்ன ஐந்தொகைப் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி பலகாரம் போடுகிறார். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், மாவுருண்டை. கவுனி அரிசியை மாவாக்கியும் விற்பார். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது டின் டின்னாக வாங்கிப் போவார்கள். எட்டு லட்சத்துக்குக் கொட்டேஷன் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, மானியம் போக எனக்கு எவ்வளவு விழும்?”

“மானியம் 2,80,000 வரும் ஆச்சி. சொந்தப் பணம் 80,000 நீங்க போடணும். 7,20,000 கடன்.”

“மானியம் எப்ப கைக்கு வரும்?”

“கைக்கு வராது. மூணு வருஷம் ஒழுங்காக் கட்டினா கடன்ல கழிப்பாங்க.”

“மாசா மாசம் கட்டணுமா?”

“ஆமா.”

“எனக்கு வியாபாரமே தீபாவளிக்கும் கல்யாண மாசத்துக்கும்தான். சரி, கட்டிக்கலாம்னு வையுங்க. எண்ணெய் டின்னும் நெய்யும் எதுல வாங்குறது?”

சொத்து வாங்கத்தான் மானியம், சரக்கு வாங்க இல்லை. பலகாரத் தொழிலில் பணம் இறங்குவது சரக்கில். இதை ஆச்சி ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார். அதே திட்டத்துக்குள் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு என்று தொடக்க மூலதனம் ஒன்று இருக்கிறது, உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை. நடைமுறை மூலதனத்துக்கும் சின்னக் கருவிகளுக்கும் பயன்படுத்தலாம், குழுவுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். டிவி விளம்பரத்தில் 10 லட்சம்தான் வரும், இந்த 40,000 வராது. நெற்குப்பை பேரூராட்சி என்பதால் நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வழியாகப் போக வேண்டும், பக்கத்து ஊராட்சிக்காரர்கள் ஊரக இயக்கம் வழியாக. மாவட்ட வள நபர் என்று ஒருவரை இந்தத் திட்டத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள், அவருக்கு அரசு கொடுக்கிறது, விண்ணப்பிக்கிறவர் கொடுக்க வேண்டியதில்லை. இதை எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். என் பிழைப்பு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆச்சியின் பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ என்று போடலாமா என்ற கேள்வி அடுத்து வந்தது. 2018 ஜூலையிலிருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மேலே சொன்ன இரண்டு சான்றில் ஒன்று இல்லாமல் அப்படிப் போடக்கூடாது. ஆண்டுக்கு 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு உற்பத்தியாளர் தன் விளைச்சலை உண்பவர் கையில் நேரே கொடுத்தால் விலக்கு உண்டு. வாங்கி அரைத்துப் பொட்டலம் கட்டுகிற ஆச்சிக்கு அந்த விலக்கு இல்லை. கவுனி விளைவிக்கிறவருக்கும் அரைக்கிறவருக்கும் தனித்தனிச் சான்று, தனித்தனி மானியம், தனித்தனித் துறை. ஒரே தெருவில் நடக்கிற வியாபாரம் இரண்டு கோப்பில் ஓடுகிறது.

ஆச்சி எட்டு லட்சத்து இயந்திரத்தை விட்டுவிட்டார். சின்னதாக ஒரு மாவரைக்கும் இயந்திரம் ரொக்கத்துக்கு வாங்கி, குழுவில் தொடக்க மூலதனத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பொட்டலத்தில் ‘கவுனி மாவு’ என்று மட்டும் அச்சடிக்கச் சொன்னேன். கவுனி தருகிறவர் அந்த மடைக்காரர்கள் குழுவில் ஒருவர், குத்தகைக்கு உழுகிறவர். ஒப்புதல் கடிதத்தைப் புதுப்பிக்க வேண்டும், நிலக்கார அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார். போனில் பேசினேன். “எழுதித் தர்றேன். ஆனா மூணு வருஷம்னு போடாதீங்க, ஒரு வருஷம்னு போடுங்க” என்றார். மாறும் காலமே இரண்டு வருடத்துக்குக் குறையாது என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். கிடை போட்ட கூலியில் ஒரு பங்கை அவர் ஏற்பாரா என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்கு அவர் பில் கேட்கவில்லை.